‘வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறாய்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: டாக்டர், அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு இந்த ஆண்டு விண்ணப்பித்திருக்கிறேன். மொத்தம் 17 இடங்கள். அவற்றில் மூன்று டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகள், மற்றவை எம்.டி. கல்லூரிகள்; எதில் படித்தாலும் அங்கே மருத்துவராகலாம். பட்டப்படிப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஸ்க்ரைப் (மருத்துவருக்காகக் குறிப்பெழுதுபவர்) வேலை பார்த்தேன். இதுவரை மூன்று இடங்களிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்றாவது ஒரு டி.ஓ. கல்லூரி. போன வாரம் முதல் நேர்காணல் நடந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பேராசிரியர், “வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாய்? எங்கிருந்தெல்லாம் அழைப்பு வந்தது?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இதுவரை இங்கிருந்து மட்டும்தான்” என்று சொல்லிவிட்டேன். அது பொய். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அப்பா, “நீ சொன்னதுதான் சரி, அவர்களுக்கும் பெருமையாக இருந்திருக்கும்” என்கிறார். ரெசிடென்சியில் (மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) இருக்கும் பெரியம்மா மகன், “அப்படிக் கேட்பதே விதிமீறல், பதில் சொல்ல மறுத்திருக்கலாம்” என்கிறார். அடுத்த நேர்காணலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. மறுபடி கேட்டால் என்ன சொல்வது? சொன்ன பொய்யை என்ன செய்வது?
— ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வியின் கடைசி வரிக்காகவே உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். “அடுத்த முறை என்ன சொல்வது” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். “சொன்ன பொய்யை என்ன செய்வது” என்று கேட்பவர்கள் குறைவு. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் நடுவில் இருப்பது புரிந்தால்தான் அதற்கு நான் சொல்லும் பதில் உங்களுக்கு நியாயமாகப் படும். பதினோரு ஆண்டுகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் நேர்காணல் எடுத்தவள் நான். இப்போது உங்களைப் போல மருத்துவக் கல்லூரியில் சேரத் தயாராகும் ப்ரீமெட் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அண்ணனுக்கு. அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அவர் இருக்கும் கட்டத்துக்கான விதி. ரெசிடென்சிக்கு இடம் ஒதுக்கும் தேசிய மேட்ச் திட்டத்தின் ஒப்பந்தத்தில், விண்ணப்பதாரர் வேறு எந்தெந்த இடங்களுக்கு, எந்தெந்தத் துறைகளுக்கு, எந்தெந்த ஊர்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பதைச் சொல்லும்படி மருத்துவமனைகள் வற்புறுத்தக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. அந்த ஒப்பந்தம் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்குப் பொருந்தாது. உங்களிடம் அந்தப் பேராசிரியர் கேட்டது கொஞ்சம் சங்கடமான கேள்விதான். பல கல்லூரிகளில் நேர்காணல் எடுப்பவர்களிடம் “அதைக் கேட்காதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லியும் வைப்பார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். ஆனாலும் அறைக்குள் போனபின் பேச்சுவாக்கில் வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு இருபத்து மூன்று வயதுப் பெண் “இது விதிமீறல்” என்று முகத்தை இறுக்கிக்கொண்டால், விதியும் அவள் பக்கம் இருக்காது, பேச்சும் அதோடு உறைந்துபோகும்.

அடுத்து அப்பாவுக்கு. அவருடைய அன்பு புரிகிறது. ஆனால் “இங்கே மட்டும்தான்” என்ற பதிலைக் கேட்டு எந்தச் சேர்க்கைக் குழுவும் பெருமைப்படாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் கணக்கில், எம்.டி. கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பிப்பவர்கள் 50,000க்கு மேல். சேர்பவர்கள் ஏறக்குறைய 23,000. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்த எம்.டி. கல்லூரியிலும் இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் சராசரியாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் போடுகிறார்கள். இது நேர்காணல் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிப்பதற்கென்று ஏர்லி டிசிஷன் என்று தனி வழியே இருக்கிறது: ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் போட்டு, அக்டோபர் தொடக்கத்துக்குள் முடிவு தெரிந்துகொள்ளும் வழி. அதில் வந்தவரா இல்லையா என்பது எங்கள் கையில் உள்ள கோப்பிலேயே இருக்கும். அதில் இல்லாத ஒருவர் “உங்கள் கல்லூரி மட்டும்தான்” என்றால் எனக்கு இரண்டு எண்ணம்தான் வரும். ஒன்று, இவருக்கு நிலவரம் தெரியவில்லை. அல்லது, இவர் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது அழைப்பைப் பற்றி என்பதால் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. அப்பா சொல்லும் பெருமை மட்டும் அதில் எவருக்கும் கிடைத்திருக்காது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பையன் வந்தான். நல்ல மதிப்பெண், நல்ல ஆராய்ச்சி அனுபவம், பேச்சும் சரளம். என்னோடு இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். “எனக்கு வேண்டியது இந்தக் கல்லூரிதான், வேறெங்கும் மனசு போகவில்லை, வேறெங்கும் போடவும் இல்லை” என்றான். என் மேசையில் அவன் எங்களுக்கு எழுதிய செகண்டரி கட்டுரை (பொது விண்ணப்பத்துக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்டு வாங்குவது) விரிந்திருந்தது. இரண்டாவது பத்தியின் மூன்றாவது வரியில் வேறொரு கல்லூரியின் பெயர். ஒரே கட்டுரையைப் பல இடங்களுக்கு அனுப்பும்போது மாற்ற மறந்த ஒரு சொல். காலையில் படிக்கும்போதே அதைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தேன். அப்போது அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. நடுராத்திரியில் இருபது கட்டுரை எழுதும் பிள்ளைகள், நடக்கும். ஆனால் அவன் அந்தப் பதிலைச் சொன்ன கணத்தில் அந்தப் பென்சில் கோடு வேறு ஒன்றாக ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒவ்வொன்றையும், சோதனைக்கூடத்தில் தான் செய்ததாகச் சொன்ன வேலையைக்கூட, நான் இன்னொரு முறை யோசித்துத்தான் ஏற்றுக்கொண்டேன். கவனக்குறைவுக்குப் போயிருக்க வேண்டிய அரை மதிப்பெண் நம்பகத்தன்மையில் போனது.

நேர்காணல் எடுப்பவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் பயத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் வழியாக நீங்கள் வேறு எந்தெந்தக் கல்லூரிகளுக்குப் போட்டீர்கள் என்ற பட்டியலை எந்தக் கல்லூரியாலும் பார்க்க முடியாது. டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆகோமாஸ் என்று தனி அமைப்பு, டெக்சாஸ் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு இன்னொரு அமைப்பு. ஆகவே பேராசிரியர் உங்களிடம் கேட்டது பதிலை வைத்துக்கொண்டு சோதிப்பதற்காக இல்லை. ஆனால் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் ஒரு கல்லூரியின் பெயரைக் குறிப்பிட்டிருக்கலாம். கட்டுரையில் பெயர் தங்கியிருக்கலாம். நேர்காணல் எடுப்பவரின் பழைய வகுப்புத் தோழர் வேறொரு கல்லூரியில் அதே வேலையில் இருக்கலாம். மருத்துவ உலகம் வெளியிலிருந்து பார்ப்பதைவிட மிகச் சிறியது.

அப்படியானால் ஏன் கேட்கிறார்கள்? ஒரே காரணம் கிடையாது. சிலர் வெறுமனே பேச்சை வளர்க்கக் கேட்பார்கள். பதிலைக்கூடக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். சிலருக்கு, இடம் கொடுத்தால் இந்தப் பெண் வருவாளா என்ற கவலை. கல்லூரிகளுக்கும் அந்தக் கவலை உண்டு, இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் நல்ல நேர்காணலாளர் தேடுவது மூன்றாவது ஒன்றை. இந்தப் பெண் தன் பட்டியலை எப்படிப் போட்டாள்? ரேங்க் வரிசையை மேலிருந்து கீழாக இறக்கினாளா, அல்லது தான் எப்படிப்பட்ட மருத்துவராக விரும்புகிறாள் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுத்தாளா? நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது. ஆனால் என்னுடன் இருந்தவர்கள் கேட்டபோது இதைத்தான் கவனித்தேன்.

இன்னொரு பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு வந்தவள். அதே கேள்வி. அவள் ஒரு நொடி நிதானித்தாள், பிறகு சொன்னாள்: “பதினாறு இடங்கள். என் வேலையில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதே ஆட்களை அதே நாற்காலியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் கெடுவதற்குப் பத்து வருடம் முன்பே அவர்களைப் பார்த்திருக்க வேண்டிய மருத்துவர் யார் என்ற கேள்வி எனக்குள் வந்தது. அதனால் முதலாண்டிலிருந்தே மாணவர்களை ஆரம்ப சுகாதார கிளினிக்குக்கு அனுப்பும் கல்லூரிகளாகப் பார்த்துப் போட்டேன். பதினாறில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. மீதி என் குடும்பம் இருக்கும் மாநிலத்தில் உள்ளவை.” அவ்வளவுதான். ஒரு கல்லூரியின் பெயரையும் அவள் சொல்லவில்லை, எங்களில் யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. அடுத்து அவளே, எங்கள் மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்கில் ஒரே நோயாளியை ஒரே மாணவர் தொடர்ந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை, மறுநாள் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் படிவத்தில் “எதற்காக வந்திருக்கிறாள் என்று தெரிந்தவள்” என்று எழுதினேன்.

அந்தப் பதிலில் நீங்கள் கவனிக்க வேண்டியது அதன் வடிவத்தை. எண்ணிக்கை உண்மை. அதற்குப் பின்னால் ஒரு காரணம். காரணத்துக்குப் பின்னால் அவள் கண்ணால் பார்த்த ஒன்று. பிறகு பேச்சு எங்கள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டது. முழுவதும் முக்கால் நிமிடம் இருக்கும்.

உங்களுக்கும் இது முடியும். இன்று மாலை ஒரு தாளை எடுத்து 17 பெயர்களையும் கையால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் போட்டேன் என்று ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள். “அப்பா சொன்னார்”, “ரேங்க் நல்லது”, “மதிப்பெண்ணுக்கு இங்கே கிடைக்கும் என்று தோன்றியது” என்பதெல்லாம் உண்மையானால் அதையே எழுதுங்கள், அந்தத் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் மூன்று நான்கு இழைகள் தெரியும். அவசரப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் மருத்துவரின் தோளருகே நின்று எழுதியவர் நீங்கள். ஒரே நோயாளி அதே மூச்சுத்திணறலோடு மாதத்துக்கு இரண்டு முறை வருவதைப் பார்த்திருப்பீர்கள். மொழி தெரியாமல் ஒருவர் தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் எது உங்கள் பட்டியலைத் தீர்மானித்ததோ, அதுதான் உங்கள் பதில். நீங்கள் பேசப்போவது ஆங்கிலத்தில். நான் இங்கே எழுதும் எதையும் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்பித்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இழைகளை மட்டும் நினைவில் வையுங்கள், சொற்கள் அந்த நேரத்தில் வரட்டும்.

தாளில் எந்த இழையும் கிடைக்காத கல்லூரி ஒன்றிரண்டு இருக்கும். அவை உங்களை நேர்காணலுக்குக் கூப்பிட்டால், போவதற்கு முந்தைய இரவு அந்த வெற்றிடத்தைப் பார்த்து உட்காருங்கள். அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை, அது எந்த மருத்துவமனைகளில் பயிற்சி கொடுக்கிறது என்பதைப் படியுங்கள். அதன் பிறகும் ஒன்றும் தோன்றவில்லையென்றால் அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாமா என்றுகூட யோசிக்கலாம். இதைச் சொன்னால் பல பெற்றோர்கள் என்மேல் கோபப்படுவார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

பெயர்களைக் கேட்டே தீருவேன் என்று நிற்பவர்களும் உண்டு. “எந்தெந்தக் கல்லூரிகள்?” என்று நேராகக் கேட்டால் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்வதில் தவறில்லை. நீங்கள் சொன்ன காரணத்துக்குப் பொருந்துகிற பெயர்களாக இருக்கட்டும். பெரிய பெயர்களை மட்டும் பொறுக்கிச் சொல்லாதீர்கள், அது தம்பட்டமாகக் கேட்கும். எந்தக் கல்லூரியையும் மட்டம் தட்டாதீர்கள். எதிரில் இருப்பவர் அங்கேதான் படித்திருப்பார். சொல்ல விருப்பமில்லையென்றால், “முடிவு எதுவும் தெரியாத நேரத்தில் பெயர்களைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லலாம். இதைக் கேட்டு முகம் சுளித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லாமல் விடுவதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவே அகலமான இடம் இருக்கிறது. உங்களுக்கு அன்று அந்த இடம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று வரும். “நாங்கள்தான் உன் முதல் விருப்பமா? இன்றே இடம் கொடுத்தால் வருவாயா?” உண்மையிலேயே ஆம் என்றால் தயங்காமல் ஆம் என்று சொல்லுங்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அப்படி இல்லையென்றால், இல்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. சேர்க்கை முறையே உங்களுக்கு யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறது. பொதுவான விண்ணப்பதாரர்களுக்கு எம்.டி. கல்லூரிகள் இடம் கொடுக்கத் தொடங்குவது அக்டோபர் 15 முதல். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களை வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 30க்குள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட வேண்டும். நடுவில் இருக்கும் மாதங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான். உதவித்தொகையும் கடனும் எவ்வளவு கிடைக்கும் என்பதே இடம் கிடைத்த பிறகுதான் தெரியவரும். அது தெரியாமல் எவராலும் பொறுப்பாக வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே, “இங்கே இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு படிப்பேன், அதனால்தான் வந்திருக்கிறேன். இன்னும் நேர்காணல்கள் இருக்கின்றன, எல்லாம் முடியாமல் ஒன்றை முதலாவது என்று சொன்னால் அது உங்களிடம் நேர்மையாக இருப்பதாகாது” என்று சொல்லுங்கள். இதை மழுப்பலாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த மூச்சில், அந்தக் கல்லூரியில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லிவிட்டால் போதும்.

இதோடு சேர்ந்தது லெட்டர் ஆஃப் இன்டென்ட். “இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்” என்று எழுதித் தரும் கடிதம். அது ஒரே ஒரு கல்லூரிக்குத்தான். இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று சமாதானம் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட சொல்லுக்கு மதிப்பில்லை என்று மருத்துவத்துக்குள் நுழையும் முன்பே பழகிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்வம் தெரிவித்து எழுதும் சாதாரணக் கடிதம் எத்தனை இடத்துக்கும் போகலாம், அதில் வாக்குறுதி இருக்காது.

அடுத்து உங்கள் டி.ஓ. நேர்காணல். அங்கே “எம்.டி.க்கும் போட்டிருக்கிறாயா?” என்று அநேகமாகக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. எம்.டி. கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று வருபவர்களையும், கிடைத்ததும் போய்விடுபவர்களையும் ஆண்டுதோறும் பார்ப்பவர்கள் அவர்கள். “ஆம், போட்டிருக்கிறேன்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்கள் உண்மையில் கேட்க விரும்பும் கேள்விக்கு வாருங்கள்: டி.ஓ. என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்த மரபு அது. மற்ற மருத்துவப் பாடங்களோடு, கைகளால் உடலைத் தொட்டறிந்து சிகிச்சை செய்யும் பயிற்சியும் அங்கே ஏறக்குறைய இருநூறு மணி நேரம் இருக்கும். 2020லிருந்து இரு பட்டத்தாருக்கும் ரெசிடென்சி ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது, மேட்சும் ஒன்றுதான். இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது, ஆனால் இதை ஒப்பிப்பதைவிட, ஒரு டி.ஓ. மருத்துவருடன் ஒரு நாள் உடனிருந்து பார்த்ததைச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். உங்கள் அவசரப் பிரிவிலேயே டி.ஓ. மருத்துவர்கள் இருந்திருப்பார்களே? அவர்களில் ஒருவருடைய குறிப்பை நீங்கள் எழுதியபோது பார்த்த ஏதாவது ஒன்று. இந்தப் பத்து நாளில் ஒருவரிடமாவது போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம் திரும்ப வராது. வீட்டில் இதை இப்போதே பேசிவைப்பது நல்லது.

கிளைக் கேள்விகள் சில. முன்பு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனதா என்று கேட்டால் அதில் நெளிவு சுளிவே கூடாது. அதே கல்லூரி என்றால் பழைய கோப்பு அவர்களிடமே இருக்கும். எந்த ஆண்டு, இடையில் என்ன மாற்றிக்கொண்டேன் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதான். “இந்த ஆண்டு எங்கும் கிடைக்காவிட்டால்?” என்ற கேள்வியும் இதே குடும்பம்தான். “மறுபடி விண்ணப்பிப்பேன், அதற்குள் இன்னதைச் செய்வேன்” என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பல் மருத்துவத்துக்கோ பிஸிஷியன் அசிஸ்டன்ட் படிப்புக்கோ சேர்த்துப் போட்டவர்களுக்கு மட்டும் கூடுதல் தயாரிப்பு வேண்டும், ஏன் இரண்டும் என்பதற்கு அவர்களிடமே தெளிவு இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எம்.எம்.ஐ. முறையில் (அடுத்தடுத்துப் பல குறு நேர்காணல்கள்) நேர்காணல் நடக்கும் கல்லூரிகளில் இந்தக் கேள்வி அபூர்வம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்கள், கொடுத்த சூழ்நிலையைப் பற்றி மட்டும் பேச்சு. அங்கே அலைபாயும் பேச்சுக்கு நேரமே கிடையாது. பிரிட்டனில் விண்ணப்பிக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு இடங்கள்தான் போட முடியும். முடிவெடுக்கும் வரை ஒரு பல்கலைக்கழகத்துக்கு மற்றவை எவை என்று தெரியாது. ஆனால் நான்கு போட்டிருப்பீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நேர்காணல் நாளில் மாணவர்களோடு பேச விடுவார்கள், காணொளியில் நடந்தாலும் தனி அறையில் விடுவார்கள். “இது மதிப்பீட்டுக்கு இல்லை, மனம்விட்டுப் பேசுங்கள்” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் பேராசிரியரிடம் ஒரு எண்ணும் மாணவரிடம் வேறு எண்ணும் சொல்லாதீர்கள். உண்மையையே சொல்பவருக்கு யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் பாரம் கிடையாது. உங்களுக்கு இப்போது இருப்பது அந்தப் பாரம்தான், தங்கை.

சரி, அந்தப் பொய். இதில் என் நண்பர்களே என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். “சின்ன விஷயம், அவர் அதைக் குறித்தே வைத்திருக்க மாட்டார், கிளறாதே” என்பார்கள். அவர்கள் சொல்வது நடைமுறைக்குச் சரியாகக்கூட இருக்கலாம். உங்கள் வாயிலிருந்து வந்தது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. சேர்க்கை முடிவை மாற்றுகிற தகவலும் அது இல்லை. ஆனால் ஒரு வாரமாக நீங்கள் தூங்கவில்லை. அந்தக் கல்லூரியில் உங்களுக்கு இடம் கிடைத்தால், நான்கு ஆண்டுகள் அந்தப் பேராசிரியரை நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் இது தொண்டையில் நிற்கும். நாளை வார்டில் ஒரு மருந்தின் அளவைத் தவறாகச் சொல்லிவிட்டால், ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போய் “நான் சொன்னது தவறு” என்று சொல்ல வேண்டிய தொழில் இது. என் சொந்த மகளாக இருந்தால் ஒரு மின்னஞ்சல் எழுதித் திருத்திச் சொல் என்றுதான் சொல்வேன். அதனால் பாதகம் ஏற்பட வாய்ப்பே இல்லை என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். அந்த மின்னஞ்சல் உங்கள் கோப்பில் சேரும், குழுவில் ஒருவர் அதைப் பார்த்துப் புருவம் உயர்த்தலாம். அதே குழுவில் நான் இருந்திருந்தால், அதை உங்களுக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

சில கல்லூரிகள் நேர்காணல் எடுத்தவரை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்பார்கள். அப்படியானால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி அவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். நன்றி சொல்லும் கடிதமாகவே இருக்கட்டும். நடுவில் மூன்று வரி: “நேர்காணலில் மற்ற அழைப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். பதற்றத்தில் இங்கிருந்து மட்டும்தான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது சரியல்ல, அப்போதே வேறு இரண்டு கல்லூரிகளிலிருந்தும் அழைப்பு வந்திருந்தது, அதைத் திருத்திச் சொல்ல விரும்புகிறேன்.” மன்னிப்புக் கேட்க ஒரு வரி போதும். தூக்கம் வராத கதை, குடும்ப நிலைமை, மனவேதனை எதுவும் வேண்டாம். கல்லூரிகளின் பெயர்களும் வேண்டாம். அதற்குக் கீழே, அன்று அவரோடு பேசியதில் உங்களுக்கு மனதில் நின்ற ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதி முடியுங்கள். அனுப்பும் முன் அப்பாவிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால், நான் மேலே எழுதியதையும் படிக்கக் கொடுங்கள். பிறகு முடிவு உங்களுடையது.

எழுதுவதானால் இன்றே எழுதுங்கள். இன்னும் ஒரு வாரம் போனால் அது விசித்திரமாகத் தெரியும். அடுத்த நேர்காணலுக்கு முன்னால் அது கையைவிட்டுப் போயிருப்பதும் உங்களுக்கு நல்லது. பதில் ஒரு வரியாக வரலாம், வராமலும் போகலாம். அந்த அலுவலகங்களில் இந்த மாதங்களில் குவியும் அஞ்சல் அவ்வளவு, அதை எதற்கும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டி.ஓ. மருத்துவரிடம் பேசிய பிறகு அந்த நேர்காணலுக்கு என்ன தயாரித்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டாக்டர் அக்கா